பத்தாம் கட்டிலின் தண்ணீர்ப் போத்தல்

முதலில் என் கையெழுத்துக்காக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. அதற்குப் பிறகு இந்தக் கை அதிகமாகப் பிடித்தது குழாய் திருகும் ஸ்பானரைத்தான். எழுத்துகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும். சின்ன ர எங்கே வரும், பெரிய ற எங்கே வரும் என்பதில் எனக்கு இன்றுவரை சந்தேகம். பிழை கண்ட இடத்தில் தயவுசெய்து நீங்களே திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து நான் வந்த நாள் முதல் சபையில் என்னைச் சாட்சி சொல்லும்படி கேட்கிறார்கள். நோயிலிருந்து எழும்பியவர்கள் ஆராதனையில் முன்னால் போய் நின்று, கர்த்தர் தங்களுக்குச் செய்ததைச் சொல்லுவது எங்கள் வழக்கம். எனக்கு நாலு பேர் முகத்தைப் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் உட்காருகிறவன் நான். போதகர் பார்த்துவிட்டு, "எழுதியாவது குடுங்க, நான் வாசிக்கிறேன்" என்றார். அதனால் எழுதுகிறேன். ஆனால் நீங்கள் எதிர்பார்க்கிற மாதிரி சாட்சி இது இல்லை.

நான் காஜா பேராங்கில் குடியிருப்பவன். மலாக்கா பட்டணத்தில் தண்ணீர்க் குழாய் பழுது பார்ப்பது என் வேலை. பழைய கிணறுகளையும் போய்ப் பார்க்க வேண்டும். கடல் பக்கம் என்பதால் சில கிணறுகளில் உப்பு ஏறிவிடும். நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்து, மேஸ்திரியான மண்டோரிடம் "மாசின்" அல்லது "தாவார்" என்று சொல்லுவேன். மலாயில் மாசின் என்றால் உப்பு. தாவார் என்றால் உப்பில்லாத வெறும் தண்ணீர். இந்த ஒரு சொல்லை வேலை நாளில் இருபது தடவையாவது சொல்லியிருப்பேன். இதை நீங்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பிரசங்கம் கேட்கும்போது குறிப்பு எழுதிக்கொள்ளும் பழக்கம் எனக்கு உண்டு. பேச வராதவனுக்கு எழுதுவது ஒரு ஆறுதல். நோட்டுகள் ஒரு பிஸ்கோத்து டின் நிறைய இருக்கின்றன. என் மனைவி ஞானம் அந்த டின்னைத் துடைக்கும்போதெல்லாம், "மோட்சத்துக்கு உங்க நோட்டுதான் போவப்போவுது. நீங்க கீழ நின்னு கைய ஆட்டுங்க" என்பாள்.

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த வருஷத்தில்தான் எனக்கு நோய் வந்தது. மூன்று மாதம் இருமல். சாயங்காலமானால் ஒரு சின்னக் காய்ச்சல், பிறகு சட்டை நனையும்படி வேர்வை. கால்சட்டைக்கு இடுப்பு வார் புதிதாக ஒரு துளை கேட்டது. ஒரு காலையில் குழாயடியில் வாய் கொப்பளித்துத் துப்பினேன், சிவப்பாக விழுந்தது. நான் வெற்றிலை போடாதவன். தண்ணீரைத் திறந்துவிட்டு ஓட்டப் பார்த்தேன். ஞானம் பின்னால் நின்றிருந்தாள். ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்ச் சேலை மாற்றிக்கொண்டு வந்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு நீண்ட பெஞ்சில் உட்கார வைத்தார்கள். ஒருவர் இருமினால் பக்கத்தில் இருப்பவர் ஒரு சாண் தள்ளி உட்காருவார். மத்தியானத்துக்குள் எல்லோரும் பெஞ்சின் ஒரு முனைக்கு வந்து சேர்ந்திருந்தோம். சட்டையைக் கழற்றி, குளிர்ந்த தகட்டில் நெஞ்சை ஒட்டி, மூச்சைப் பிடிக்கச் சொன்னார்கள். அது எக்ஸ்ரே, நெஞ்சுக்குள் இருப்பதன் நிழற்படம். மூன்று நாள் விடியற்காலைச் சளியைச் சின்ன டப்பாவில் கொண்டுவரச் சொன்னார்கள். அதைக் கண்ணாடியில் தடவிச் சாயமேற்றி, பூதக்கண்ணாடி வழியாகக் கிருமி இருக்கிறதா என்று பார்ப்பார்களாம்.

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, வலது பக்க மேல் நுரையீரலில் ஒரு வட்டத்தைக் காட்டினார். அது ஓட்டை. சயரோகம். குறைந்தது ஆறு மாதம் படுக்க வேண்டும் என்றார்.

எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை, சந்தேகம். எனக்கு முன்னால் படம் எடுத்த ஆள் என்னைவிட அதிகமாக இருமினான். படம் மாறியிருக்கும் என்று நினைத்தேன். வெளியே வந்து ஞானத்திடம் மட்டும் மெதுவாகச் சொன்னேன்.

"படம் மாறிருச்சுன்னே வச்சுக்குவோம். அந்த ஆளோட ரத்தமும் மாறி வந்து நம்ம குழாயடியில விழுந்துச்சாக்கும்" என்றாள்.

சயரோக வார்டு பின்பக்கம் தனியாக இருந்தது. நீளமான கட்டடம், இரண்டு பக்கமும் வராந்தா, காற்று வருவதற்காக எப்போதும் திறந்திருக்கும் சன்னல்கள். எனக்கு ஒன்பதாம் கட்டில். தினமும் காலையில் ஸ்ட்ரெப்டோமைசின் என்ற ஊசி. அது கிருமியைக் கொல்லும் மருந்து. அதோடு பாஸ் என்ற மாத்திரை. அதன் வாடையே குமட்டும். சாப்பிட்டவுடன் ஒரு கை நிறைய எண்ணிக் கொடுப்பார்கள். அத்தனையும் நிறையத் தண்ணீரோடு விழுங்க வேண்டும். வார்டில் தொட்டித் தண்ணீர், இரும்பு வாசம் அடிக்கும். குழாய் வேலைக்காரன் என்பதால் அந்தத் தொட்டி எத்தனை வருஷமாகக் கழுவப்படவில்லை என்று முதல் மடக்கிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

பதினைந்து நாள் கழித்து என் காதுக்குள் ஒரு சத்தம் தொடங்கியது. காற்று ஏறிய குழாய் ஊளையிடுமே, அந்தச் சத்தம். எழுந்து நடந்தால் தரை சாய்ந்தது. எங்கள் வார்டு மிஸ்ஸி, அதாவது தாதி, ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தாள்: "ஊசியால காதுல சத்தம் வந்தா ஒடனே சொல்லணும் அண்ணே. டாக்டர் அளவ மாத்துவாரு." எனக்கு அது தெரியும். ஆனால் நான் சொல்லவில்லை. சொன்னால் இதைவிட மோசமான ஒன்றைக் கொடுப்பார்கள் என்று நினைத்தேன். நாலாம் வகுப்புப் படித்த குழாய்க்காரனைப் படுக்க வைத்து மருந்தைப் பரீட்சை பார்க்கிறார்கள் என்றும் நினைத்தேன். ஊசியிலிருந்து தப்ப முடியாது. மாத்திரையிலிருந்து தப்பலாம். கன்னத்தில் ஒதுக்கி, மிஸ்ஸி நகர்ந்ததும் எடுத்துத் தலையணை உறைக்குள் போட்டுவிடுவேன். இரண்டை விழுங்கினால் ஐந்தை ஒளிப்பேன்.

இனிப் பத்தாம் கட்டிலைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அங்கே படுத்திருந்தவர் பெயர் அருணாசலம். என் வயதுதான். கம்போங் செட்டியைச் சேர்ந்தவர், பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் குடியேறிய செட்டிகளில் ஒருவர். எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். பெயரும் முகமும் நம்மவர்களுடையவை. நெற்றியில் திருநீறு. வாயைத் திறந்தால் மலாய்தான். தமிழில் 'சாமி', 'பூசை' போல நாலைந்து சொல் தவிர ஒன்றும் தெரியாது. அவர் பேசியதை நான் இங்கே தமிழில் எழுதுகிறேன்.

தினமும் நாலு மணிக்கு அவர் மனைவி தெய்வானை வருவார். சாரோங், கெபாயா என்ற மேல்சட்டை, கொண்டையில் ஒரு ஊசி, கையில் அடுக்குக் கேரியரும் ஒரு பெரிய கண்ணாடிப் போத்தலும். ஞானம் இரண்டே நாளில் அவரோடு சிநேகிதமாகிவிட்டாள். மலாயில் அக்காவைக் காக்காக் என்பார்கள். ஞானத்தின் வாயில் அது சுருங்கிவிட்டது. "வாய் நெறைய காக்கா காக்கான்னு கூப்புடுறேன், அவங்களும் சிரிச்சுக்கிட்டே வர்றாங்க" என்று சொல்லிச் சிரிப்பாள்.

முதல் வாரத்திலேயே அந்த அம்மாள் போத்தலிலிருந்து ஒரு குவளை ஊற்றி என் பக்கம் நீட்டினார். "ஆயேர் தாவார் சாஜா, பாங். மீனோம்." ஆயேர் என்றால் தண்ணீர். குடியுங்கள் அண்ணே என்கிறார்.

வேலையில் நான் சொல்லும் அதே தாவார்தான். ஆனால் மலாயில் அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. சின்ன வயதில் தோட்டத்தில் என் தங்கைக்கு ஜன்னி கண்டபோது யாரோ ஒரு போமோவை, அதாவது மந்திரிக்கிறவரை, அழைத்து வந்தார்கள். அவர் கிண்ணத்துத் தண்ணீர்மேல் ஏதோ ஓதி மூன்று தடவை ஊதிக் கொடுத்தார். அதற்கும் ஆயேர் தாவார் என்றுதான் பெயர். சூனியத்தின் காரத்தை எடுத்துவிடும் தண்ணீர் என்று அர்த்தம்.

குவளை என் கையில் இருந்தது. பக்கத்துக் கட்டிலில் அருணாசலம் தன் குவளையை இரண்டு கையாலும் பிடித்துக் கண்ணை மூடி, உதடு அசைய ஏதோ முணுமுணுத்துவிட்டுக் குடித்தார். எனக்கு அவ்வளவு போதும். அந்த அம்மாள் திரும்பியதும் தண்ணீரைத் துப்பும் டப்பாவில் சாய்த்துவிட்டேன். மறுநாளும் நீட்டினார். மறுநாளும் சாய்த்தேன். வேண்டாம் என்று சொல்ல வெட்கம், குடிக்கப் பயம். தினமும் "தெரிமா காசே" என்று நன்றி மட்டும் சொன்னேன்.

ஒரு திங்கட்கிழமை மாத்திரை நேரத்தில் மிஸ்ஸி கட்டிலைவிட்டு நகரவில்லை. "வாயத் தொறங்க அண்ணே. நாக்கத் தூக்குங்க. இந்தக் கன்னம். அந்தக் கன்னம்" என்றாள். பிறகு ஏப்ரனிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்துக் காட்டினாள். நான் ஒளித்த மாத்திரைகள். வார்டு முழுக்கப் பார்த்தது. எனக்குக் காதுவரை சுட்டது.

அன்று டாக்டர் என் கட்டிலில் அதிக நேரம் நின்றார். அவர் பேசியதை மிஸ்ஸி தமிழில் சொன்னாள். "பாதி மருந்து சாப்புடுறது ஒண்ணுமே சாப்புடாததவிட மோசமாம் அண்ணே. கிருமி சாவாது, மருந்தப் பழகிக்கும். அப்புறம் முழு அளவு குடுத்தாலும் அதுக்கு ஒறைக்காது." காதுச் சத்தத்தையும் அன்று சொன்னேன். ஊசியை ஒருநாள் விட்டு ஒருநாள் ஆக்கினார்கள். இரண்டு வாரத்தில் தரை சாய்வது நின்றது. ஒரு வாய் வார்த்தை சொல்லாததால் நான் இத்தனை நாள் வீணாகக் கஷ்டப்பட்டிருக்கிறேன்.

ஆனால் என் மனம் அப்போது அதில் இல்லை. யார் காட்டிக் கொடுத்தது என்பதிலேயே இருந்தது. என் தலையணைக்குப் பக்கத்தில் கண் இருப்பது ஒரே ஆளுக்குத்தான், அருணாசலத்துக்கு. அவர் அன்று என்னைப் பார்த்துச் சிரிக்க வேறு செய்தார். இப்போது நினைத்தால், கஷ்டத்தில் இருக்கிறவனைப் பார்த்து எல்லோரும் சிரிக்கிற சிரிப்புதான் அது. நான் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் டிரஸ்ஸர் வந்தார். டாக்டருக்குக் கீழே வார்டைப் பார்த்துக்கொள்கிறவர் அவர். நாலு பேர் முன்னால் வாய் திறக்காத நான், அன்று வராந்தா மூலையில் அவரைத் தனியாகப் பிடித்தேன். "பத்தாம் கட்டிலுக்கு வெளியேயிருந்து மந்திரிச்ச தண்ணி வருதுங்க. மத்த நோயாளிக்கும் ஊத்திக் குடுக்குறாங்க" என்றேன். என் வாழ்நாளில் அவ்வளவு தெளிவாக நான் யாரிடமும் பேசியதில்லை.

வெளித் தண்ணீர் கொண்டுவர அனுமதி வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. யாரும் அதைப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான். அன்று நாலு மணிக்கு டிரஸ்ஸர் தெய்வானையம்மாளை வாசலில் நிறுத்தினார். கோபமாகப் பேசவில்லை, போத்தலைக் காட்டி ஏதோ சொன்னார். அந்த அம்மாள் வராந்தாவை விட்டு இறங்கி, சாக்கடை ஓரம் குனிந்து, போத்தலைக் கவிழ்த்தார். தண்ணீர் முழுவதும் இறங்கி முடியும்வரை பிடித்துக்கொண்டே இருந்தார். பிறகு வெறும் போத்தலைச் சாரோங்கின் மடிப்பில் மறைத்துக்கொண்டு உள்ளே வந்தார். நான் சன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்தேன். எனக்கு அப்போது சந்தோஷமாக இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

அதற்குப் பிறகு அருணாசலம் தொட்டித் தண்ணீரில்தான் மாத்திரை விழுங்கினார். பாதி நாள் வாந்தி எடுத்தார். விழுங்கியது போக வெளியே வந்ததே அதிகம்.

டிரஸ்ஸரிடம் காட்டிக் கொடுத்தது யார் என்று அவர்களும் யோசித்தார்கள். வார்டு கூட்டும் செல்லையாவின் மேல் சந்தேகம் போயிற்று. முந்தின வாரம்தான் அவன் தெய்வானையம்மாளின் கேரியரை எட்டிப் பார்த்து ஒரு பலகாரம் கேட்டு, எண்ணித்தான் இருக்கிறது என்று அவர் சொல்லிவிட்டாராம். போத்தல் நின்ற நாளிலிருந்து அந்த அம்மாள் அவனோடு பேசுவதில்லை. அவன் விளக்குமாற்றோடு வந்தால் காலைத் தூக்கிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவார்.

செல்லையா என்னிடம் வந்தான். தமிழ் பேச அந்தப் பக்கத்தில் நான்தான் ஆள். "அண்ணே, நீங்களே சொல்லுங்க. நான் தண்ணிக்கா போய் காட்டிக் குடுப்பேன்? பலகாரத்துக்குன்னாலும் ஒரு ஞாயம் இருக்கு" என்றான்.

"ஆமாம்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

சுதந்திரம் அறிவித்த நாளில் ஒவ்வொரு கட்டில் கம்பியிலும் ஒரு காகிதக் கொடி கட்டினார்கள். ரேடியோவை வராந்தாவில் வைத்தார்கள். செல்லையா, "வெள்ளக்காரன் போயிட்டான் அண்ணே, பாஸ் மாத்திர மட்டும் போவ மாட்டேங்குது" என்று சொல்ல வார்டே சிரித்தது. அருணாசலத்துக்கு அந்தத் தமிழ் புரியவில்லை. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று என் முகத்தைப் பார்த்தார். நான் அவருக்கு மலாயில் சொல்லவில்லை.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ஞானம் மிளகு ரசத்தோடு வந்தாள். தலையணை உறையை மாற்றிக்கொண்டே, "இப்ப உள்ள ஒண்ணுமில்லயே" என்றாள்.

நான் திரும்பிப் பார்த்தேன்.

"என்ன முழிக்கிறீங்க. அன்னிக்கு ஒறயத் தொவைக்க எடுத்தப்ப கொட்டுச்சு. நான்தான் மிஸ்ஸிகிட்ட குடுத்தேன். ஒங்ககிட்ட கேட்டா நீங்க பேசவா போறீங்க?"

ரசம் போர்வையில் சிந்தியது. அவள் துடைத்தாள். எதனால் சிந்தியது என்று அவளுக்குத் தெரியாது. டிரஸ்ஸரிடம் போனதை நான் அவளிடமும் சொல்லவில்லை.

அவள் போன பிறகு, அந்த அம்மாள் முதல்நாள் சொன்னதை ஒவ்வொரு சொல்லாக மறுபடி சொல்லிப் பார்த்தேன். ஆயேர் தாவார் சாஜா. சாஜா என்றால் 'மட்டும்' அல்லது 'வெறும்' என்று பொருள். தேநீர் இல்லை, சர்பத் இல்லை, வெறும் தண்ணீர்தான் அண்ணே என்று வெட்கத்தோடு சொல்லியிருக்கிறார். மந்திரித்த தண்ணீரை யாரும் 'மட்டும்தான்' என்று சொல்லிக் கொடுக்க மாட்டார்கள். அந்தச் சாஜா என் காதில் விழாமல் இல்லை. அப்போது காதுச் சத்தமும் தொடங்கியிருக்கவில்லை. எனக்கு வேண்டிய இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு மூன்றாவதைத் தள்ளிவிட்டேன். கிணறு கிணறாகப் போய்த் தாவார், தாவார் என்று சொன்னவன், அதன் பொருளை ஒரு போமோவிடமிருந்து எடுத்துக்கொண்டேன்.

என்ன செய்ய வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். காணிக்கை கொண்டுவந்தவனுக்கு, தன்மேல் ஒருவனுக்கு மனத்தாங்கல் உண்டு என்று ஞாபகம் வந்தால் காணிக்கையை அங்கேயே விட்டுவிட்டு முதலில் அவனிடம் போக வேண்டும் என்ற பாடம் என் நோட்டுகளில் நாலு இடத்தில் இருக்கிறது. ஒரு இடத்தில் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறேன். ஒன்பதாம் கட்டிலுக்கும் பத்தாம் கட்டிலுக்கும் நடுவே இரண்டு எட்டு. ஒன்பது நாளாகியும் நான் அதை வைக்கவில்லை. ஞானத்தை நோட்டையும் கொண்டுவரச் சொல்லி, அதே பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தேன். வாசிக்கும்போது மனம் உருகும். மூடி வைத்தால் சரியாகிவிடும். கிருமி மருந்தைப் பழகிக்கொள்ளும் என்று டாக்டர் சொன்னது அப்போதுதான் எனக்கு வேறு மாதிரி கேட்டது.

பிறகு ஒரு நாள் அருணாசலத்தின் புதுப் படம் வந்தது. ஓட்டை மூடவில்லை. கோலாலம்பூரில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, அந்தப் பக்கத்து விலா எலும்புகள் சிலவற்றை எடுத்துவிட்டு நுரையீரலை அமுக்கப் போகிறார்கள் என்றார்கள். ஓட்டை மூடுவதற்கு அதுவும் ஒரு வழியாம். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வண்டி.

வியாழன் முழுவதும் நான் சாப்பிடவில்லை. மிஸ்ஸியிடம், "வெளித் தண்ணிய நிறுத்துனதாலதானா அவருக்கு இப்படி?" என்று கேட்டேன். அவள் டாக்டரைக் கேட்டு வந்து சொன்னாள். "இல்ல அண்ணே. அவருக்கு ஓட்ட ரொம்பப் பழசு, சுத்தித் தடிச்சுப் போச்சு. தண்ணியால ஒண்ணும் இல்ல." என் மனம் ஆறட்டும் என்று சொன்னார்களோ என்று எனக்குச் சந்தேகம். இன்றும் அந்தச் சந்தேகம் போகவில்லை.

வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்கு அவர் துணியை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். பயணத்துக்கென்று அன்று மட்டும் போத்தலை உள்ளே விட்டிருந்தார்கள். தெய்வானையம்மாள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். நான் எழுந்தேன். இரண்டு எட்டு வைத்தேன்.

"மிந்தா மாஆஃப், பாங்" என்றேன். மன்னிப்புக் கேட்கிறேன் என்று. என் மாத்திரையைப் பற்றி அவர்தான் காட்டிக் கொடுத்தார் என்று நினைத்திருந்ததைச் சொன்னேன். அவர் மனைவி கொடுத்த தண்ணீரை ஓதிய தண்ணீர் என்று நினைத்து, ஒருநாள்கூடக் குடிக்காமல் கொட்டியதைச் சொன்னேன்.

அவர் சிரிக்கத் தொடங்கி, இருமி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி சிரித்தார். "நீ தண்ணீர்க்காரன் இல்லையா? எங்கள் சந்துக் குழாய்க்கு வாஷர் போட்டவன் நீதானே? நீ போட்ட குழாயிலிருந்து பிடித்துக் காய்ச்சிய தண்ணீர்தான் அது. ஓதியிருந்தால் நீதான் ஓதியிருக்க வேண்டும்" என்றார்.

"குடிக்கிறதுக்கு முன்னாடி நீங்க ஏதோ முணுமுணுத்தீங்க."

"சாமி கும்பிட்டேன். நீயும் கஞ்சிக் கிண்ணத்தின்மேல் தலையைக் குனிந்து ஏதோ ஓதுகிறாயே. நான் பயந்துபோய் முதல் வாரமே என் கட்டிலை ஒரு சாண் தள்ளிப் போட்டேன். தரையில் பார், கோடு இருக்கும்."

பார்த்தேன். சிமெண்டுத் தரையில் நாலு கால் இழுபட்ட கோடு இருந்தது.

தெய்வானையம்மாள் ஒரு குவளை ஊற்றித் தந்தார். வாங்கிக் குடித்தேன். விறகுப் புகையின் வாசம் லேசாக இருந்தது. மற்றபடி வெறும் தண்ணீர். நான் குடிப்பதைப் பார்த்துக்கொண்டே அவர், "அந்தச் செல்லையா மட்டும் போய்ச் சொல்லாமல் இருந்திருந்தால் இத்தனை நாளும் குடித்திருக்கலாம், பாங்" என்றார்.

வாய் நிறையத் தண்ணீர் இருந்தது. அதை விழுங்கினேன். அதோடு சொல்ல வேண்டியதையும் விழுங்கிவிட்டேன்.

வாசலில் செல்லையா விளக்குமாற்றோடு நின்றிருந்தான். மூட்டையைத் தூக்க அவன்தான் வந்திருந்தான். தெய்வானையம்மாள் அவனிடம் கொடுக்கவில்லை, தானே தூக்கிக்கொண்டு போனார். வண்டி புறப்பட்டபோது அருணாசலம் சன்னல் பக்கம் பார்த்துக் கையை ஆட்டினார்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் என்னை வீட்டுக்கு விட்டார்கள். மூன்று தடவை பார்த்தும் சளியில் கிருமி இல்லை. படத்தில் ஓட்டை இருந்த இடம் ஒரு வடு மாதிரி தெரிகிறது. காதில் மட்டும் மெல்லிய சத்தம் மிச்சம். இன்னும் ஒரு வருஷம் மாத்திரை உண்டு. இப்போது ஒன்றையும் ஒளிப்பதில்லை. இதுவரைக்கும் உள்ளதுதான் நீங்கள் கேட்ட சாட்சி. இத்தோடு நிறுத்தியிருந்தால் போதகர் சந்தோஷமாக வாசித்திருப்பார்.

அருணாசலம் ஜனவரியில் கம்போங் செட்டிக்குத் திரும்பி வந்துவிட்டார். ஞானம் சந்தையில் பார்த்தாளாம். வலது தோள் தாழ்ந்து, சட்டை ஒரு பக்கம் தொங்குகிறதாம். "ஒங்களத்தான் கேட்டாரு. தண்ணிக்காரன் எப்ப வருவான்னு" என்றாள். நான் அன்றிலிருந்து வேலைக்குச் சுற்றுவழியாகப் போகிறேன். போன வாரம் அவர்கள் சந்தில் குழாய் ஒழுகுகிறது என்று மண்டோர் என்னை அனுப்பினார். நெஞ்சு வலிக்கிறது என்று சொல்லி வேறு ஆளை அனுப்பிவிட்டேன். நெஞ்சு வலிக்கவில்லை.

இதை எழுதத் தொடங்கி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. எழுதி, அடித்து, மறுபடி எழுதினேன். பிழையைத் திருத்துகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என்மேல் எனக்கே இப்போது சந்தேகம். இதுவும் டின்னுக்குள் போகிற இன்னொரு நோட்டுதானோ என்று.

நேற்று ஞானத்திடம் முழுவதையும் வாசிக்கக் கொடுத்தேன். டிரஸ்ஸரிடம் நான் போனது அவளுக்கு அப்போதுதான் தெரியும். வாசித்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். ரொம்ப நேரம் வரவில்லை. பிறகு வந்து காகிதத்தை என் முன்னால் வைத்தாள்.

"எழுத்துப் பெழ நாலஞ்சு இருக்கு. அத விடுங்க. தேதி எங்க?"

"முடிச்ச பிறகு போடலாம்னு இருந்தேன்."

"எத முடிச்ச பிறகு?"

நான் காகிதத்தைத் திருப்பி வைத்தேன்.

"செல்லையா பாவம், வெளக்கமாத்தோட நின்னுக்கிட்டே இருக்கான்" என்றாள்.

இன்று ஆராதனைக்குப் போய் வந்தோம். காணிக்கைத் தட்டு வந்தபோது அதைத் தொடாமல் அடுத்தவருக்குத் தள்ளிவிட்டேன். சாப்பிட்டாயிற்று. ஞானம் என் வெள்ளைச் சட்டையை எடுத்து வைத்திருக்கிறாள். ஒரு போத்தலில் காய்ச்சி ஆற வைத்த தண்ணீரையும் ஊற்றி மூடி வைத்திருக்கிறாள். எதற்கு என்று கேட்டேன். "அன்னிக்குச் சாக்கடையில கொட்டுனதுக்கு. வழியில நீங்க எதுவும் ஓதிறாதீங்க" என்றாள்.

முதலில் கம்போங் செட்டி. அங்கே அந்த அம்மாளிடம் சொல்ல வேண்டியதை மலாயில் மூன்று சொல்லாகச் சேர்த்து வைத்திருக்கிறேன். சாயா யாங் சாகாப். சொன்னது நான்தான். அங்கிருந்து ஆஸ்பத்திரி. செல்லையா ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்கு வருவான். போய் வந்து எழுதியிருந்தால் இந்தச் சாட்சி நன்றாக முடிந்திருக்கும். போவதற்கு முன்னால் இன்னும் ஒரு வரி எழுதினாலும் நான் உட்கார்ந்துவிடுவேன் என்று எனக்குத் தெரியும். ஆகையால் தேதியைப் போட்டுவிட்டு எழுந்திருக்கிறேன்.

காஜா பேராங், மலாக்கா.
1958 மார்ச் 2, ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் இரண்டு மணி.